மலையிலிருந்து நகர்ப்புறக் கல்விக் கொள்கை படிக்கப் போவது எப்படி

கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் டிகிரி முடித்த பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதைத்தான்: கல்வித் துறையில் வேலை செய்ய ஆசை, ஆனால் பி.எட். முடித்து ஆசிரியராவது மட்டும்தான் வழியா? இல்லை. ஒரு பள்ளியை எங்கே திறப்பது, எதை எதோடு இணைப்பது, எத்தனை ஆசிரியர் பணியிடம், செலவை யார் ஏற்பது, வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கு முதல் எழுத்தை எந்த மொழியில் சொல்லித்தருவது என்ற முடிவுகளை யார் எப்படி எடுக்கிறார்கள், அதில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதையே பாடமாக வைத்திருக்கும் முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. கல்விக் கொள்கை, அதிலும் குறிப்பாக நகர்ப்புறக் கல்விக் கொள்கை. மலையில் வளர்ந்த பிள்ளைகள் இதற்குப் போக வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். நம் பள்ளிகளைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் நம் ஊரின் ஏற்ற இறக்கம் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு.

முதலில் படிப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நகர்ப்புறக் கல்விக் கொள்கை என்ற பெயரிலேயே பட்டம் தருவது பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்தான். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தின் படிப்பு அதில் பேர்போனது. ஒரே வருடம்தான், அதில் புள்ளியியலும் கொள்கை ஆய்வும் உண்டு, வகுப்போடு சேர்த்தே ஒரு கல்வி அலுவலகத்திலோ அமைப்பிலோ இன்டர்ன்ஷிப்பும் செய்ய வேண்டும். அங்கே பள்ளிச் செலவில் பெரும் பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்தும் மாநில அரசிடமிருந்தும் வருகிறது, ஒன்றிய அரசின் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான். அதனால் வீட்டு மதிப்பு அதிகமுள்ள புறநகர்ப் பள்ளிக்கும் ஏழைகள் நெருக்கி வாழும் நகரப் பள்ளிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் விழுகிறது. பிராவிடன்ஸ் நகரப் பள்ளிகள் அத்தனையையும் 2019இல் மாநில அரசே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அந்த ஊரில் படிப்பவருக்கு வாசல் தாண்டினால் பாடம்.

இந்தியாவில் அதே பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எம்.ஏ. எஜுகேஷன் என்று தேடுங்கள். பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்), டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் மூன்றும் முக்கியமானவை. வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு இக்னோவின், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின், தொலைநிலை எம்.ஏ. இருக்கிறது. டெல்லியில் உள்ள நீபா, அதாவது தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனம், முனைவர் படிப்புக்கு நல்ல இடம். ஒரு எச்சரிக்கை: எம்.எட். வேறு, எம்.ஏ. எஜுகேஷன் வேறு. எம்.எட்.டுக்கு பி.எட். வேண்டும், அது ஆசிரியர் கல்வியியலுக்கான பட்டம். எம்.ஏ.வுக்கு எந்த டிகிரியும் போதும், ஆனால் அதை வைத்துப் பள்ளி ஆசிரியராக முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

நம் மலைக்கும் நகரத்துக்கும் என்ன சம்பந்தம்

இங்கேதான் நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். "நாங்க எஸ்டேட் ஆளுங்க, நகர்ப்புறம்னு எப்படி எழுதறது?" என்று கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை சுமார் 7.35 லட்சம், அதில் 59 சதவீதம் நகர்ப்புறம். தமிழ்நாட்டின் சராசரியே 48 சதவீதம்தான். கோயம்புத்தூர் மாதிரி கட்டடம் எழும்பிய ஊரும் இல்லை, எப்படி வந்தது இந்த 59? நகராட்சி, பேரூராட்சி, கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) எல்லைக்குள் இருந்தாலே கணக்கெடுப்பில் அது நகரம். ஓவேலி பேரூராட்சி, தேவர்சோலை பேரூராட்சி, நடுவட்டம் பேரூராட்சி. தேயிலைத் தோட்டமும் காடும் யானை வழியுமாக இருக்கும் ஓவேலியில் பள்ளிக்கு நடந்துபோகும் குழந்தை, அரசுக் கணக்கில் நகரக் குழந்தை. கொடைக்கானல் தாலுகாவில் பண்ணைக்காடும் இப்படித்தான்.

இதன் விளைவு லேசானதல்ல. குழந்தைகள் படிக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஏசர் ஆய்வு 2005 முதல் நடக்கிறது, நாடு முழுக்கப் பத்திரிகைகளில் பேசப்படுகிறது. அது கிராமப்புற ஆய்வு. கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலிலிருந்துதான் ஊர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் ஓவேலிக் குழந்தை அதில் வர வாய்ப்பே இல்லை. சரி, நகர்ப்புறக் கல்வி என்று ஆராய்ச்சி செய்பவர்களாவது பார்ப்பார்களா என்றால் அவர்கள் சென்னை, மும்பை, டெல்லிக் குடிசைப் பகுதிகளுக்குப் போகிறார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் விடுபட்டுப்போன பிள்ளைகள் இவர்கள். நீங்கள் எழுத வேண்டிய விண்ணப்பத்தின் உயிரே இதில் இருக்கிறது. வேறு எந்த விண்ணப்பதாரரும் இதைக் கொண்டுவர மாட்டார்.

இன்னொன்றையும் பாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் இருந்தால் போதும். சமவெளியில் இது ஓரளவு ஓடும். மலையில் ஒரு பள்ளியில் இருபது பேர் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், இரண்டு ஆசிரியர், விகிதம் பத்துக்கு ஒன்று, காகிதத்தில் பார்த்தால் கான்வென்ட்டைவிட மேல். ஆனால் ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்கோ வட்டார வள மையத்துக்கோ போனால் அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். அதே சட்டத்தின் மாதிரி விதிகள் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன, கரடுமுரடான இடம், நிலச்சரிவு அபாயம் உள்ள இடம் என்றால் அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. உங்கள் ஊரில் அது நடந்திருக்கிறதா? மாணவர் எண்ணிக்கை குறைந்தது என்று பள்ளியை இணைக்கும்போது, வரைபடத்தில் அளந்த ஒரு கிலோமீட்டரும் சரிவில் ஏறி இறங்கும் ஒரு கிலோமீட்டரும் ஒன்றா? இந்தக் கேள்வி இருந்தால் விண்ணப்பத்தில் பாதி முடிந்த மாதிரி.

கேள்வியைத் தயார் செய்வது

விண்ணப்பம் போடுவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே இதை ஆரம்பியுங்கள். நாட்டின் எல்லாப் பள்ளிகளின் விவரமும் இருக்கும் ஒன்றிய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் "உங்கள் பள்ளியை அறியுங்கள்" பகுதிக்குப் போனால் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் இருக்கும், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 33இல் தொடங்கும். மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, குடிநீர் எல்லாம் அதில் வரும். உங்கள் பகுதியில் ஏழெட்டுப் பள்ளிகளை எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு விஷயத்தையும் குறியுங்கள்: பள்ளி யாருடையது? ஊராட்சி ஒன்றியப் பள்ளியா, நகராட்சிப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா, பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளியா? நம் மலையில் ஒரே சாலையில் இந்த நாலு வகையும் இருக்கும், நாலுக்கும் மேலதிகாரி வேறு, பணம் வரும் வழி வேறு. ஊட்டிப் பக்கம் 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளியிலிருந்து எஸ்டேட் லயன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீடு) பிள்ளைகள் படிக்கும் பள்ளி வரை ஒரே மாவட்டத்தில் இருக்கிறது. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு ஏற்றத்தாழ்வைப் பார்க்க வேறு எங்கேயும் போக வேண்டியதில்லை.

எண்களோடு நிற்காமல் நேரில் போய்ப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு உட்காருங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். யார் பேசுகிறார்கள், யார் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் தேயிலை பறிக்க ஓடுகிறார்கள் என்று கவனியுங்கள். பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கூட்டம் வேலை நேரத்தில் வைக்கப்பட்டால் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தகவல் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் முதலிலேயே மனுவோடு போகாதீர்கள். ஆசிரியர் பயிற்றுநர்களிடம் ஒரு டீ குடித்துக்கொண்டு பேசினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நோக்க அறிக்கை

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித்தரும் கட்டுரை, எஸ்ஓபி என்று சொல்வது இதைத்தான். "கல்வியே நாட்டின் முதுகெலும்பு" என்று தொடங்கும் அறிக்கையைப் படிப்பவர் அடுத்த வரிக்குப் போகமாட்டார். முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். இதற்கு மட்டும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் போகாதீர்கள், எல்லார் அறிக்கையும் ஒரே குரலில் வந்துவிடும். தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"எங்கள் பகுதித் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாளில் மற்றவர் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைக்கிறார். முன்வரிசையில் இருக்கும் இரண்டு குழந்தைகள் ஜார்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். கரும்பலகைத் தமிழும் புரியாது, ஆசிரியர் பேசும் தமிழும் புரியாது. இந்தப் பள்ளியின் ஆசிரியர் மாணவர் விகிதம் விதிப்படி சரியாக இருக்கிறது. விதிப்படி சரியாக இருக்கும் பள்ளியில் குழந்தைகள் ஏன் கற்கவில்லை என்பதே என் கேள்வி."

ஆறு வரிதான். இதில் கொள்கை இருக்கிறது, இடம் இருக்கிறது, உங்கள் கண் இருக்கிறது. உங்கள் ஊரில் அது பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குழந்தைகளாக இருக்கலாம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். அந்தக் குழந்தைகளைப் பரிதாபத்துக்காக எழுதாதீர்கள், உங்கள் வீட்டுக் கஷ்டத்தையும் பரிதாபத்துக்காக எழுதாதீர்கள். கஷ்டம் எதைப் புரியவைத்தது என்று ஒரு வாக்கியம் போதும். கடைசிப் பகுதியில் அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம், எந்தப் பேராசிரியரின் ஆய்வு உங்கள் கேள்விக்கு உதவும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். நாலு பல்கலைக்கழகத்துக்குப் போட்டால் இந்தப் பகுதி நாலு விதமாக இருக்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது பேராசிரியரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். "ஐயா, நான் செய்த வேலை இது, என் கேள்வி இது" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி நாலு வரி வரும். ஒன்றரை மாத அவகாசம் கொடுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கடிதத்தை உங்களிடம் வாங்காது, பேராசிரியரின் மின்னஞ்சலுக்கே இணைப்பு அனுப்பும், அதுவும் கல்லூரி முகவரியாக இருந்தால் நல்லது. அது ஸ்பேமில் விழுந்து கிடக்கும், போன் பண்ணி நினைவுபடுத்துவதற்குக் கூச்சப்படாதீர்கள்.

சான்றிதழ்கள்

இதில்தான் மலைப் பிள்ளைகள் ஒரு வருடத்தையே இழக்கிறார்கள். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று மூன்று கோட்டம், பழனி மலைக்குக் கொடைக்கானல் கோட்டம். விசாரணை நடந்து கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் படிப்பை முடிவு செய்வதற்கு முன்னாலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு வேறு சிக்கல்: நம் மாநில பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ், அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியது வேண்டும். இ-சேவை மையத்தில் எந்தச் சான்றிதழ் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரி மாதிரி பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படித்தவர்கள் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு, அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்ணையும் பல்கலைக்கழகமே தொகுத்துத் தரும் சான்றுக்கு, கோயம்புத்தூர் மருதமலைச் சாலைக்குத்தான் போக வேண்டும். மார்க்‌ஷீட் நகல் டிரான்ஸ்கிரிப்ட் ஆகாது. வெளிநாடு என்றால் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கே பாஸ்போர்ட் அடையாளமாக வேண்டும், ஆகவே எல்லாவற்றுக்கும் முதல் வேலை பாஸ்போர்ட். மூன்று வருட டிகிரியை ஏற்கிறார்களா என்று ஒவ்வொரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கும் ஒரு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

டிஸ் சேர்க்கை இப்போது க்யூட் பி.ஜி. என்ற தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வு வழியாக, அதன் பிறகு நேர்காணல். வழக்கமாக விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியில், தேர்வு மார்ச்சில். அசிம் பிரேம்ஜி தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது. அமெரிக்கக் கெடுவும் டிசம்பர், ஜனவரியில்தான். டிசம்பரில் நமக்கு இன்னும் வடகிழக்குப் பருவமழை: மரம் விழும், கரண்ட் போகும், டவர் போகும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே சமர்ப்பித்துவிடுங்கள். கோவையில் தேர்வு என்றால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், அன்றைக்கு எல்லா வண்டியும் அந்த வழியில்தான் நிற்கும்.

பணம்

அசிம் பிரேம்ஜியில் குடும்ப வருமானத்தைப் பொறுத்து கல்விக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் உதவி உண்டு. எஸ்டேட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வருமானச் சான்றை ஒழுங்காக வாங்கிவையுங்கள்.

வெளிநாட்டுக்கு: பிரிட்டன் அரசின் சீவ்னிங் உதவித்தொகை ஒரு வருட முதுகலையை முழுதாக ஏற்கும், இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும். லண்டன் யுசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவனம் போன்ற இடங்களுக்கு இது பொருந்தும். ஃபுல்பிரைட் நேரு முதுகலைக்கு மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும், மூன்று வருட டிகிரி மட்டும் உள்ளவர்கள் ஒரு முதுகலையோ முழுநேர முதுநிலை டிப்ளமோவோ முடித்திருக்க வேண்டும், துறைப் பட்டியலில் உங்கள் படிப்பு வருகிறதா என்றும் அந்தந்த வருடம் பார்க்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில், பட்டியல் சாதியினர் முதலியோருக்கான திட்டத்தில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை 2022இல் விலக்கினார்கள். நம் பள்ளிகளைப் பற்றிப் படிக்கப் போகிறவருக்கு இது நேராக அடிக்கும் விதி, எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. விண்ணப்பத் தலைப்பை எழுதுவதற்கு முன் அந்த வருட விதிமுறையை வரிவரியாகப் படியுங்கள்.

வங்கிக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பார்கள். கூடலூரில் உரிமைச் சிக்கல் தீராத ஜென்மம் நிலத்தில் பட்டா இல்லாமல் இருப்பவர்கள் அதைக் காட்ட முடியாது, லயன் வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்ட ஒன்றுமே இருக்காது. அதனால் நான் சொல்வேன்: முதலில் இந்தியாவில் உதவித்தொகையோடு எம்.ஏ. முடித்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, முழு உதவித்தொகையோடு வெளிநாடு போங்கள். பெருங்கடனோடு ஒரு வருட அமெரிக்கப் படிப்புக்குப் போகாதீர்கள். கடன் கட்டுவதற்காகவே இந்தத் துறையை விட்டுவிட வேண்டியிருக்கும்.

வீட்டில் கேட்பார்கள், "ஏன் கண்ணு, இதைப் படிச்சா கவர்மென்ட் வேலை கெடைக்குமா?" என்று. "நேரா கெடைக்காதும்மா" என்று உண்மையைச் சொல்லுங்கள். கல்வி அமைப்புகள், ஆய்வு நிறுவனங்கள், அரசுத் திட்டங்களில் ஒப்பந்தப் பணி, 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் போன்றவைதான் வழக்கமான வழி. கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் எஜுகேஷன் பாடம் இருக்கிறது. ஏற்கெனவே அரசுப் பள்ளி ஆசிரியராக இருப்பவர்கள் வேலையை விடாதீர்கள், துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கிக்கொண்டு இக்னோவில் படியுங்கள்.

நேர்காணல்

தேசியக் கல்விக் கொள்கை 2020ஐயும், 2025 ஆகஸ்ட் 8இல் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படியுங்கள். மொழி, 3, 5, 8ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு, இந்த இரண்டில் மட்டும் என்ன வேறுபாடு என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்தால் போதும். கல்வி 1976இல் மாநிலப் பட்டியலிலிருந்து ஒன்றிய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனதையும், தேசியக் கல்விக் கொள்கைப்படி மாதிரிப் பள்ளிகளை உருவாக்கும் பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால், பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு தரும் சமக்ர சிக்‌ஷா நிதி நிறுத்தப்பட்டு 2025இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனதையும் சேர்த்துப் பார்த்தால், டெல்லியில் நிற்கும் பணம் கூடலூர்ப் பள்ளியை எப்படித் தொடுகிறது என்று உங்களால் விளக்க முடியும். ஆங்கிலம் தடுமாறினால் பயப்படாதீர்கள், மெதுவாகச் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். இணையவழி நேர்காணலுக்கு வீட்டு சிக்னலை நம்பாமல், நல்ல இணைப்புள்ள கல்லூரியிலோ நண்பர் வீட்டிலோ முன்கூட்டியே கேட்டு ஒரு அறையைப் பிடித்துவையுங்கள். அந்த யூடைஸ் நோட்டைக் கையில் வைத்திருங்கள். பள்ளிகளைப் பற்றிக் கேட்டால் எண்ணோடு பதில் சொல்லுங்கள், தெரியாததைக் கேட்டால் தெரியாது என்றே சொல்லிவிட்டு அதை எங்கே போய்த் தேடுவீர்கள் என்று சொல்லுங்கள்.